அகலத்தில் ஒளிந்த கடினம்

செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் ஓல்ட் கோர்ஸ் முதல் பார்வையில் யாரையும் மயக்குவதில்லை. ஏரி கிடையாது. பாதைக்கு இருபுறமும் அணிவகுக்கும் மரங்கள் கிடையாது. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், ஊரின் விளிம்பில் தொடங்கி ஈடன் ஆற்றின் கழிமுகம் வரை, மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் ஒரு புல்வெளி, அவ்வளவுதான். 1946இல் ஓப்பன் போட்டிக்காக ரயிலில் வந்து இறங்கிய அமெரிக்கர் சாம் ஸ்னீட், ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டு யாரோ கைவிட்டுப்போன பழைய மைதானம் என்று நினைத்தார். அதே வாரம் அந்த மைதானத்தில்தான் கோப்பையை வென்றார்.

வார இறுதியில் மட்டும் மட்டை பிடிக்கக் கிடைக்கிற நம்மைப் போன்றவர்களுக்குக் கடினமான கோல்ஃப் மைதானம் என்றதும் வேறு படங்கள்தான் மனத்தில் எழும். ஃபுளோரிடாவில் டிபிசி சாகிராஸின் 17ஆம் குழி அப்படி ஒன்று: தண்ணீர் சூழ்ந்த கிரீன், பந்து புல்லில் நிற்கும், இல்லையேல் தண்ணீரில் முங்கும். நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் இருக்கும் பெத்பேஜ் பிளாக் மைதானத்தில், இது மிகக் கடினமானது, தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே பரிந்துரைக்கிறோம் என்ற எச்சரிக்கைப் பலகை முதல் டீயிலேயே தொங்குகிறது. பிட்ஸ்பர்க் பக்கத்து ஓக்மாண்டை 1903இல் உருவாக்கிய ஃபவுன்ஸ் குடும்பத்தாருக்கு, பிசகி அடித்த பந்துக்கு விலை கொடுத்தே ஆகவேண்டும் என்பது கொள்கை. மூன்றும் பெரிய மைதானங்கள், சந்தேகமில்லை. ஆனால் டிரைவரால் 200 கெஜம் அடிக்கிற ஒருவருக்கு அங்கே பெரும்பாலும் ஒரே வேலைதான்: தப்பிப் பிழைப்பது. மைதானம் கேட்கும் கேள்விகள் அவர் கைக்கெட்டாத தூரத்தில் நிகழ்ந்துகொண்டிருக்கும். ஓல்ட் கோர்ஸின் கடினம் வேறு வகை. அது உலக சாம்பியனிடம் கேட்கும் அதே கேள்வியை நம்மிடமும் கேட்கிறது. பதில் சொல்ல நம்மிடமும் ஏதோ இருக்கிறது என்று நம்புகிறது. உலகில் வேறெந்த மைதானத்தையும்விட இதை நான் உயர்வாக மதிப்பதற்கு இதுவே காரணம்.

200 கெஜம் என்பது நான் தோராயமாகச் சொன்ன எண் இல்லை. மைதானங்களை மதிப்பிடும் முறையில் 'போகி கோல்ஃபர்' என்று ஒருவரை வரையறுத்து வைத்திருக்கிறார்கள். ஆணென்றால் ஹேண்டிகேப் சுமார் 20. டீயிலிருந்து 200 கெஜம் அடிப்பார். 370 கெஜக் குழியை இரண்டு அடியில் எட்டுவார். அவருக்கு எதிரே 'ஸ்க்ராட்ச் கோல்ஃபர்': 250 கெஜம் அடிப்பார், 470 கெஜத்தை இரண்டு அடியில் எட்டுவார். இந்த இருவருக்கும் ஒரு மைதானம் எவ்வளவு கடினம் என்பதைத் தனித்தனியாகக் கணக்கிட்டு, இரண்டுக்கும் உள்ள இடைவெளியைச் 'ஸ்லோப்' என்ற எண்ணாக மாற்றுகிறார்கள். குறைந்தது 55, அதிகபட்சம் 155, நடுவே 113 என்பது பொது அளவு. நியூ ஜெர்சியின் பைன் வேலி அந்த உச்சமான 155ஐத் தொட்டு நிற்கிறது. இந்த முறையில் ஓர் ஆழமான உண்மை இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவான கடினம் வேறு, பலமில்லாதவரை மட்டும் அழுத்தும் கடினம் வேறு. பறந்தே கடக்கவேண்டிய நீர்நிலையும், நீளமும், குறுகலான பாதையும் நம்மை அழுத்தும். சாம்பியனுக்கு அவை ஒரு பொருட்டில்லை. நிலத்தின் வளைவு, கிரீனின் சரிவு, காற்று, எந்தப் பக்கமாகப் போவது என்ற முடிவு ஆகியவற்றின் முன் இருவரும் ஏறக்குறையச் சமம். ஓல்ட் கோர்ஸ் தன் முழு பலத்தையும் எல்லோருக்கும் பொதுவான இந்த வகையில் வைத்திருக்கிறது. பறந்தே கடக்கவேண்டிய தண்ணீர் என்றால் முதல் கிரீனுக்கு முன்னால் ஓடும் ஸ்வில்கன் ஓடை மட்டும்தான். எட்டு வைத்துத் தாண்டிவிடலாம் என்று தோன்றும் அளவே அகலம்.

இது பொதுநிலம் என்பதையும் சொல்லியாகவேண்டும். முதல் டீக்குப் பின்னால் கம்பீரமாக நிற்கும் கட்டடம் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்புக்குச் சொந்தம். மைதானம் ஊருக்குச் சொந்தம். 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த லிங்க்ஸ் டிரஸ்ட் அதைப் பராமரிக்கிறது. ஆட விரும்புகிறவர்கள் இரண்டு நாள் முன்னதாகப் பெயர் கொடுத்தால் குலுக்கலில் இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைத்தால், ஓப்பன் நடந்த அதே புல், அதே பங்கர்கள், அதே 17ஆம் குழி. 150ஆவது ஓப்பன் 2022இல் இங்கேதான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, பெரிய போட்டிகள் இல்லாத வாரங்களில், ஆட்டம் இல்லை. நாயைக் கூட்டிக்கொண்டு ஊர்மக்கள் ஃபேர்வேயில் நடக்கிறார்கள், குழந்தைகள் ஓடுகிறார்கள். ஸ்வில்கன் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளவும் அன்றைக்குத்தான் வசதி. விளையாட்டின் தலைமைப்பீடம் இப்படித் திறந்து கிடப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் நெகிழ்ச்சி தருகிறது.

இந்த மைதானத்தை வரைந்தவர் என்று ஒருவரும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே ஊரிலிருந்து கழிமுகத்தை நோக்கி ஒடுங்கலான ஒற்றைப் பாதை. போகும்போது ஆடிய குழிகளையே திரும்பும்போதும் ஆடுவார்கள். அப்படி ஒரு சுற்று 22 குழிகள். 1764இல் சில குழிகளை இணைத்து 18 ஆக்கினார்கள். உலகம் முழுதும் இன்று 18 குழி என்பதற்கு வேர் அங்கே இருக்கிறது. கூட்டம் கூடக் கூட, போகிறவர்களும் வருகிறவர்களும் ஒரே குழியில் முட்டிக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் புதரை வெட்டிப் பாதையை அகலப்படுத்தி, ஒரே கிரீனில் இரண்டு குழி போட்டு, இரு நிறக் கொடி நட்டார்கள். 1858இல் இங்கே முதன்முதலாக 80க்குக் கீழே 79 அடித்த ஆலன் ராபர்ட்சனும், அவரிடம் தொழில் பழகி 1860களின் நடுவிலிருந்து 1903 வரை மைதானத்தைப் பராமரித்த டாம் மோரிஸும் அந்த மாற்றத்தின் கைகள். இன்றும் ஏழு கிரீன்கள் இரட்டை கிரீன்கள். 2ஆம் குழிக்கும் 16ஆம் குழிக்கும் ஒன்று, 3க்கும் 15க்கும் ஒன்று. கூட்டினால் எப்போதும் 18 வரும். 1, 9, 17, 18 மட்டும் தனி.

ஆக, அகலம் என்பது நெரிசலைத் தீர்க்க வந்த ஏற்பாடு. அந்த அகலம்தான் இந்த மைதானத்தின் மேதைமையாக மாறியது. முதல் டீயில் நின்று பார்த்தால், 1ஆம் குழிக்கும் 18ஆம் குழிக்கும் பொதுவான ஃபேர்வே சுமார் 130 கெஜம் அகலத்துக்கு விரிந்து கிடக்கும். ஒரு பங்கர்கூட இல்லை. இவ்வளவு இடம் இருக்கிறதே, எங்கே அடித்தாலும் சரிதானே என்று தோன்றும். அங்கேதான் ஆட்டம் தொடங்குகிறது. பந்தை இழப்பது இங்கே அரிது. இழப்பது கோணத்தை.

சுற்று முழுக்க வலப்பக்கம் ஆபத்து: வேலி, சுவர், முட்புதர், எல்லைக்கோடு. இடப்பக்கம் திரும்பி வருகிறவர்களின் ஃபேர்வே, தாராளமான இடம். பையைச் சுமந்து கூட வரும் கேடி முதல் குழியிலிருந்தே இடது பக்கம் கைகாட்டுவார். அது நல்ல யோசனை. ஆனால் இலவசம் இல்லை. இடப்பக்கத்திலிருந்து கிரீனைப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு பங்கரோ ஒரு மேடோ கொடிக்கும் நமக்கும் நடுவே வந்து உட்கார்ந்திருக்கும். ஆபத்தை உரசிக்கொண்டு வலப்பக்கம் போனவருக்குக் கிரீன் கதவைத் திறந்து வைத்திருக்கும். 16ஆம் குழியைப் பாருங்கள். நேர் நடுவில் பிரின்சிபல்ஸ் நோஸ் என்ற மூன்று பங்கர்களின் கொத்து, அதற்குச் சற்றுப் பின்னால் டீக்கன் சைம் என்று இன்னொன்று. அவற்றுக்கும் வலப்பக்க வேலிக்கும் நடுவே ஓர் ஒடுங்கிய சந்து. அதற்குள் பந்தை விட்டால் அடுத்த அடி சுலபம். இடப்பக்கமாகப் போனால் நிம்மதி, அடுத்த அடியில் கடன் தீர்க்கவேண்டும். சாம்பியனுக்கும் நமக்கும் இங்கே வித்தியாசம் துணிச்சலின் அளவில் மட்டுமே. 200 கெஜம் அடிக்கிறவருக்கு இன்னொரு சலுகையும் உண்டு: பங்கர்களுக்கு முன்னாலேயே நிறுத்தி, மூன்றாவது அடியில் கிரீனுக்கு வந்து, ஐந்தில் முடித்துவிட்டு, தலைநிமிர்ந்து அடுத்த டீக்கு நடக்கலாம். அந்த ஐந்தும் யோசித்துச் சேர்த்த ஐந்து.

அலிஸ்டர் மெக்கன்சி என்ற மைதானச் சிற்பி 1924இல் இதன் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் அளந்து ஒரு வரைபடம் போட்டார். இன்றும் மைதான ரசிகர்கள் வீட்டுச் சுவரில் மாட்டுகிற படம் அது. பிறகு அவர் ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸுடன் சேர்ந்து அமெரிக்காவில் அகஸ்டா நேஷனலை அமைத்தபோது, முன்மாதிரியாக இருவர் மனத்திலும் இருந்தது ஓல்ட் கோர்ஸ். அகஸ்டாவுக்கு அவர்கள் கொடுத்தது பரந்த ஃபேர்வே, மிகக் குறைந்த பங்கர்கள், கடினமெல்லாம் கிரீனை அணுகும் கோணத்தில். ஜோன்ஸுக்கும் இந்த மைதானத்துக்கும் உறவு சுமுகமாகத் தொடங்கவில்லை. 1921இல், 19 வயதில், 11ஆம் குழியின் ஹில் பங்கரில் மாட்டிக்கொண்டு ஓப்பனின் மூன்றாம் சுற்றில் ஆட்டத்தை முறித்துக்கொண்டார். 1927இல் திரும்பி வந்து இங்கே ஓப்பனை வென்றார். 1930இல் அமெச்சூர் பட்டத்தையும் இங்கேயே வென்றார். 1958இல் ஊர் அவருக்குத் தன் கௌரவக் குடியுரிமையைக் கொடுத்தது. அவருக்கு முன் அந்த மரியாதையைப் பெற்ற அமெரிக்கர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். இப்போது 10ஆம் குழிக்கு ஜோன்ஸின் பெயர். உலகின் ஆகச் சிறந்த ஆட்டக்காரருக்கே பல ஆண்டுகள் கழித்துத்தான் இந்த மைதானம் பிடிபட்டது என்பதை, குலுக்கலில் ஒரு முறை இடம் கிடைத்துப் போகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த மைதானத்தைப் பற்றிப் பேசமுடியாது. கடல் பின்வாங்கிய மணல்மேல் ஃபெஸ்கியூ, பென்ட் என்ற மெல்லிழைப் புற்கள் வளர்ந்து, நூற்றாண்டுகளாக ஆடும் முயலும் மேய்ந்து, காற்று வீசி இறுகிய தரை. மழை பெய்தால் உடனே உறிஞ்சிக்கொள்ளும். காலில் உறுதியாக, சற்றே எதிர்த்துத் துள்ளும். நம் ஊர் மைதானங்களின் சதைப்பற்றான புல்லில் பழகியவர்களுக்கு முதல் அரை மணி நேரம் எல்லாமே புதிது. அங்கே பந்து விழுந்த இடத்தில் நிற்கும். இங்கே விழுந்த பிறகுதான் அதன் பயணமே ஆரம்பிக்கும். கிரீனில் குத்திட்டு இறங்கிய பந்து வழுக்கிப் பின்பக்கம் போய்விடும். கிரீனுக்கு முப்பது கெஜம் முன்னால் விழுந்த பந்து ஒரு மேட்டில் ஏறி, வலது பக்கம் சாய்ந்து, ஒரு பள்ளத்தில் வேகம் குறைந்து, கொடியருகே வந்து நிற்கும். காற்றில் பறக்கவிடும் ஆட்டத்துக்கு உடல் பலம் வேண்டும். தரையில் உருட்டும் ஆட்டத்துக்குக் கண் போதும். நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பெரிய வரம் என்ன இருக்கமுடியும்?

அதனால் இங்கே பையில் மிக முக்கியமான மட்டை பட்டர். கிரீனுக்கு வெளியே நாற்பது கெஜத்திலிருந்தும் பட்டரை எடுக்கலாம், யாரும் வியக்கமாட்டார்கள். இடையில் இருக்கும் புல் கிரீனைப் போலவே ஒட்ட வெட்டப்பட்டிருக்கும். இரட்டை கிரீன்களில் தவறான பக்கத்தில் போய் நின்றால், கிரீனுக்குள்ளேயே ஐம்பது கெஜத்துக்கு உருட்டவேண்டி வரும். அவ்வளவு பெரிய வீச்சோடு பட்டரைச் சுழற்றும் அனுபவம் வேறெங்கும் கிடைக்காது. இந்த ஊருக்கு உருட்டுவதில் அலாதிப் பிரியம். மைதானத்தை ஒட்டிக் குன்றும் குழியுமாக ஒரு உருட்டுக் களம் இருக்கிறது, ஹிமாலயாஸ் என்று பெயர். 1867இல் தொடங்கிய பெண்கள் பட்டிங் கிளப்பினுடையது. சிறு கட்டணம் கொடுத்து எவரும் ஆடலாம். ஓல்ட் கோர்ஸில் ஆடுவதற்கு முந்தின மாலை அங்கே ஒரு மணி நேரம் செலவிடச் சொல்வேன். பயிற்சி வலையில் நூறு பந்து அடிப்பதைவிட அது உதவும். கோடையில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கிற ஊர், அவசரமில்லை.

வலப்பக்கத்து முட்புதர் பற்றி ஒன்று. கார்ஸ் என்ற அந்தப் புதர் வசந்தத்தில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும். நீலகிரிக்குப் போயிருப்பவர்கள் பார்த்திருக்கக்கூடும். பிரிட்டனிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்து, நம் மலையின் புல்வெளிகளை ஆக்கிரமித்து நிற்பதும் அதே செடிதான். நீலகிரியில் அது படையெடுப்பு. இங்கே அது மண்ணின் பிள்ளை. பந்து உள்ளே போனால் எடுக்கக் கை விடாதீர்கள்.

பங்கர்கள் மொத்தம் நூறுக்கு மேல். எண்ணிக்கையைவிட அவை இருக்கும் இடமே விசேஷம். 12ஆம் குழியின் டீயில் நின்றால் எதிரே ஒன்றுமே தெரியாது. முந்நூற்றுச் சொச்சம் கெஜத்தில் கொடி, நடுவே அலையலையான புல். கேடி சொல்லாவிட்டால் நேராக அடிப்போம். நடந்து போனால், ஃபேர்வேயின் நடுவிலேயே பங்கர்கள் வாய் பிளந்து கிடக்கும். ஒரு காலத்தில் இந்த மைதானத்தை எதிர்த்திசையிலும் ஆடினார்கள். அந்தப் பங்கர்கள் எதிரிலிருந்து வருகிறவர்களைப் பார்த்து முகம் காட்டுகின்றன. நமக்கு முதுகுதான் தெரியும். இது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயம்தான் என்பேன். முதல் முறை வருகிறவருக்கு அது புதிர். கேட்டுத் தெரிந்துகொண்டவருக்கு அறிவு. பார்வைக்குத் தெரிவதை மட்டும் நம்பி ஆடும் பழக்கத்தை இந்த மைதானம் விடச் சொல்கிறது.

இவற்றின் முன்சுவர், புல் பாளங்களை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது, கிட்டத்தட்டச் செங்குத்து. சுற்றியுள்ள நிலமும் உள்நோக்கிச் சரிந்திருப்பதால், சிறிய பங்கர்கூடத் தன்னைவிடப் பெரிய பரப்பிலிருந்து பந்தை இழுத்துக்கொள்ளும். 14ஆம் குழியில் இருப்பதற்குப் பெயரே ஹெல், அதாவது நரகம். ஆளுயரத்துக்கு மேல் ஆழம். ஜாக் நிக்லஸ் 1995 ஓப்பனில் அதற்குள் இறங்கி, அந்தக் குழியில் மட்டும் 10 அடித்தார். 2000இல் டைகர் வுட்ஸ் நான்கு சுற்றிலும், 72 குழிகளிலும், ஒரு பங்கரில்கூட விழாமல் 19 அண்டரில் வென்றார். அந்த வாரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் அடித்த தூரத்தையே சொல்வார்கள். எனக்கு அது திட்டமிடலின் உச்சம். எங்கே விழக்கூடாது என்ற அந்தக் கணக்கை, நம் தூரத்துக்கு ஏற்ப, நாமும் போடலாம். விழுந்துவிட்டால், கொடியை மறந்துவிட்டுப் பக்கவாட்டில் அல்லது பின்னால் அடித்து வெளியே வரவேண்டும். கொடியை நோக்கியே அடித்தாகவேண்டும் என்ற பிடிவாதம் இங்கே செல்லாது.

ஊரைவிட்டு விலகிப் போகும் குழிகள் 7ஆம் குழியருகே வளைந்து, 11 வரை ஒரு சிறு வட்டமடித்து, பிறகு ஊரை நோக்கித் திரும்புகின்றன. போகும்போது முதுகில் இருந்த காற்று வரும்போது முகத்தில். ஓதம் திரும்பினால் காற்றும் திரும்பும் என்று கேடிகள் சொல்வார்கள். போகும்போதும் எதிர்க்காற்று, வரும்போதும் எதிர்க்காற்று என்ற நாட்களும் உண்டு. மொத்தச் சுற்றிலும் பார் 3 குழிகள் இரண்டே இரண்டு, 8ம் 11ம். அந்த 11 உலகின் தலைசிறந்த குறுங்குழி என்று அடித்துச் சொல்வேன். 2022 ஓப்பனின் டீயிலிருந்து 174 கெஜம்தான். இடப்பக்கம் ஹில் பங்கர், முன்னால் வலப்பக்கம் ஸ்ட்ராத் பங்கர், பின்னால் ஈடன் கழிமுகம், நடுவே பின்னிருந்து முன்னாக வேகமாகச் சரியும் கிரீன். குறைவாக அடித்தால் ஸ்ட்ராத்தில் விழுமோ என்று பயந்து, அதிகமாக அடிக்கத் தோன்றும். அதிகமாக அடித்துப் பின்னால் போய்விட்டால், அங்கிருந்து இறக்கத்தில் உருட்டும் பந்து கிரீனையே கடந்து பங்கருக்குள் இறங்கிவிடலாம். ஆகவே கிரீனின் முன்விளிம்பே சொர்க்கம். அங்கே நிறுத்தினால் ஏற்றத்தில் உருட்டலாம், நான்கில் முடிக்கலாம்; சில நாள் மூன்றிலும். பலமான கைக்கு இங்கே ஒரு சலுகையும் கிடையாது.

இனி 17. ரோடு ஹோல். ஓப்பனில் 495 கெஜம், பார் 4. சாதாரண நாட்களில் டீ முன்னால் வரும். ஆனாலும் போகி கோல்ஃபரால் இரண்டு அடியில் எட்டமுடியாத நீளம். டீயில் நின்றால் எதிரே ஓட்டல் வளாகம். பழைய ரயில்வே கொட்டகைகளின் சாயலில் கட்டிய பச்சைக் கொட்டகைகள்மேல் பறக்கவிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஃபேர்வேயில் பந்தை இறக்கவேண்டும். எவ்வளவு வலப்பக்கம் துணிகிறோமோ அவ்வளவு நல்ல கோணம். இடப்பக்கம் ஒதுங்கினால், குறுக்காகக் கிடக்கும் கிரீனின் இடுப்பில் குடைந்திருக்கும் ரோடு பங்கர் வழிமறிக்கும். கிரீனுக்குப் பின்னால் ஒரு சாலை, அதற்கப்பால் கற்சுவர். சாலையும் ஆடுகளத்தின் ஒரு பகுதி. பந்து தார்மேல் நின்றால் தார்மேலிருந்தே அடிக்கவேண்டும்.

இந்த ஒரு குழி எத்தனை பேரின் ஆண்டைக் கெடுத்திருக்கிறது! 1978இல் மூன்றாம் சுற்றில், ஜப்பானின் டாமி நகாஜிமா இரண்டே அடியில் கிரீனுக்கு வந்துவிட்டார். பட்டரால் உருட்டினார், பந்து சரிவில் திரும்பி ரோடு பங்கருக்குள் போனது. முடிக்கும்போது கணக்கு 9. 1984இல் டாம் வாட்சன், ஆறாவது ஓப்பனை வென்று ஹாரி வார்டனின் சாதனையைத் தொட நின்ற நேரத்தில், 2 அயர்னால் அடித்த பந்து கிரீனைக் கடந்து சாலையைத் தாண்டிச் சுவரடியில் போய் நின்றது. அதே சமயம் முன்னால் ஆடிக்கொண்டிருந்த செவி பாயஸ்டெரோஸ் 18இல் பர்டி போட்டுக் கோப்பையைக் கொண்டுபோனார். 2022இல் கேமரன் ஸ்மித் என்ன செய்தார் என்பதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். கடைசிச் சுற்றில் இந்தக் குழியில் அவர் பந்து கிரீனுக்கு முன்னால் இடப்பக்கம் நின்றது. கொடிக்கும் அவருக்கும் நடுவே ரோடு பங்கர். வெட்ஜால் மேலே தூக்கி அடிக்க உலகில் அவரைவிடத் தேர்ந்த கை ஒன்றிரண்டுதான் இருக்கும். அவர் பட்டரை எடுத்தார். பங்கரைச் சுற்றி, சரிவின்மேல் வளைத்து உருட்டி, பிறகு சுமார் பத்தடி பட்டைப் போட்டுப் பாரைக் காப்பாற்றினார். ஒரே அடி வித்தியாசத்தில் ஓப்பன் அவருடையது. அந்த அடியை அடிக்க நம் கைக்கும் திராணி உண்டு. வேண்டியது, அதைத் தேர்ந்தெடுக்கும் தெளிவு.

நம் கணக்கில் 17ஐப் பார் 5 என்று வைத்துக்கொள்ளவேண்டும். முதல் அடி பாதுகாப்பாக. இரண்டாவது அடி கிரீனின் வலது முன்மூலைக்குச் சற்று முன்னால். அங்கிருந்து கிரீனின் நீளவாக்கில், பங்கரை இடக்கையில் விட்டு, தரையோடு தரையாக மேலே உருட்டலாம். இரண்டு பட் போட்டால் ஐந்து. ஓப்பன் வாரத்தில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் இந்தக் குழியை ஐந்தில் முடித்துவிட்டு நிம்மதியாக நடப்பார்கள். நான்கில் முடிந்துவிட்டால் அன்றைக்கு இரவு விருந்து வைக்கலாம்.

18இல் பெரிய கடினம் எதுவும் இல்லை. 357 கெஜம், பங்கர் கிடையாது. கிரீனுக்கு முன் இடப்பக்கம் வேலி ஆஃப் சின் என்ற ஒரு பள்ளம் மட்டும். வலப்பக்கம் வீதி, வீதியில் நின்று வேடிக்கை பார்க்கும் ஊர். அந்தப் பள்ளத்துக்குள் பந்து நின்றால் உருட்டலாம், தரையோடு தட்டலாம், தூக்கியும் அடிக்கலாம். 1995இல் கோஸ்டான்டினோ ரோக்கா உருட்டிய பந்து பள்ளம் ஏறிக் குழிக்குள் விழுந்து, அவருக்கு ஜான் டேலியோடு பிளேஆஃபைத் தேடித் தந்தது. தோற்றார், ஆனாலும் இன்றைக்கும் அங்கே போகிறவர்கள் அந்த இடத்தில் ஒரு பந்தை வைத்து உருட்டிப் பார்க்கிறார்கள்.

மைதானத்தை அரிதாகச் சில நாட்களில் இன்னமும் எதிர்த்திசையில் ஆட விடுகிறார்கள். முதல் டீயிலிருந்து 17ஆம் கிரீனுக்கு, 18ஆம் டீயிலிருந்து 16ஆம் கிரீனுக்கு என்று கடிகாரச் சுற்றில். அன்றைக்கு 12இல் முதுகு காட்டிய பங்கர்கள் முகம் காட்டும். பாதுகாப்பான பக்கம் மாறும். பிரின்சிபல்ஸ் நோஸும் ஹெல்லும் வேறொரு தூரத்தில், வேறொரு கேள்வியோடு எதிர்கொள்ளும். ஒரே புல்வெளிக்குள் இரண்டாவதாக ஒரு மைதானம் இருக்கிறது. அந்த நாட்களுக்கு இடம் கிடைப்பது இன்னும் கடினம் என்றாலும், செயின்ட் ஆண்ட்ரூஸுக்குப் பயணம் திட்டமிடுகிறவர்கள் நாளைக் குறிப்பதற்கு முன் அந்தத் தேதிகளை விசாரித்துக்கொள்ளுங்கள்.